மறி கிடக்கும் இடம்

என் அம்மா ஏறத்தாழ இருபத்தாறு ஆண்டுகள் புல் செதுக்கி எங்களை வளர்த்தாள். வயலில் அல்ல, பட்டாசு ஆலையில். தாயில்பட்டியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் ஆலை என்று யாரும் சொல்வதில்லை, ஆபீஸ் என்பார்கள். மதுரையில் கல்லூரி விடுதியில் இருந்தபோது ‘அம்மா ஆபீஸுக்குப் போகிறாள்’ என்று நான் சொன்னதைக் கேட்டு, நண்பர்கள் அவளை மின்விசிறிக்கு அடியில் ஒரு மேசைக்குப் பின்னால் அமர்த்திப் பார்த்துக்கொண்டார்கள். நான் அதைத் திருத்தவில்லை. மூன்று ஆண்டுகளும் திருத்தவில்லை.

பட்டாசு ஆலையைப் பார்த்திராதவர்களுக்குச் சிறிது சொல்ல வேண்டும். நகரத்துத் தொழிற்சாலையைப்போல அது ஒரே கட்டடம் அல்ல. வெட்டவெளியில் சிறு சிறு அறைகள், ஒன்றுக்கொன்று விலகி நிற்கும். ஓர் அறையில் தீப்பற்றினால் அடுத்ததற்குத் தாவக்கூடாது என்பதற்காக விடப்பட்ட இடைவெளி அது. இடையிடையே வேப்பமரங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை விழுந்ததும் அந்த வெறுமையெல்லாம் புல்லாகிவிடும். தை பிறக்கும்போது புல் காயத் தொடங்கும், மாசியில் சருகாகிவிடும். அறைகளைச் சுற்றிக் காய்ந்த புல்லோ புதரோ இருக்கக்கூடாது என்பது விதி. விதி இல்லாவிட்டாலும் அங்கே வேலை செய்பவர்கள் அதை விட்டுவைக்க மாட்டார்கள். அம்மாவும் இன்னும் மூன்று பெண்களும் அதற்கென்றே இருந்தார்கள். மருந்தைத் தொடும் வேலையில் கூடுதலாகக் கிடைக்கும். அம்மா கடைசிவரை மருந்தைத் தொடவில்லை. சொந்தத்தில் ஒருத்தியை அப்படிப் பறிகொடுத்த வீடு எங்களுடையது.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, ஒரு மாசி மாத நண்பகலில், அவள் வேலை பார்த்த ஆலையின் வேலிக்கு வெளியே புல் பற்றிக்கொண்டது. யார் வீசிய பீடியோ தெரியாது. காற்று ஆலையின் பக்கமாக அடித்தது. உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் எதிர்த்திசையில் ஓட, இந்த நான்கு பெண்களும் வேப்பங்கொம்புகளை ஒடித்துக்கொண்டு தீயை நோக்கி ஓடினார்கள். அறைகள் தப்பின. அன்று மாலை அம்மா வீட்டுக்கு வந்து, ஒரு வார்த்தையும் பேசாமல், எங்கள் கொல்லையில் இருந்த புல்லையெல்லாம் வேரோடு செதுக்கி எறிந்தாள். பிறகு அந்தக் கொல்லையில் நான் புல்லைப் பார்த்ததே இல்லை. எங்கள் வீட்டில் புல் என்ற சொல்லுக்கு ஒரே ஒரு பொருள்தான் இருந்தது.

இப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்த நான், அப்பா விட்டுச்சென்ற இரண்டு ஏக்கர் மானாவாரிப் புஞ்சையில் புல் விதைத்தேன். அந்தக் கிறுக்குத்தனத்தின் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

*

அது தொடங்கியது வல்லநாட்டில். 2016ஆம் ஆண்டு நண்பர் ஒருவருடன் திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடி போகும் வழியில் அங்கே இறங்கினோம். வல்லநாட்டுக் குன்றும் அதன் சரிவுகளும் வெளிமான் சரணாலயமாக 1987இல் அறிவிக்கப்பட்டவை. பதினாறு சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். ஆனால் இந்தியாவில் வெளிமான் இயற்கையாக வாழும் இடங்களில் தென்கோடியில் இருப்பது அதுவே. குடை விரித்தாற்போன்ற உடைமரங்கள், கற்கள், கற்களுக்கிடையே புல். எங்கள் ஊர்ப்பக்கத்து நிலம்தான். வெடிச்சத்தம் மட்டும் இல்லை.

முறுக்கிய கொம்புடன் கருத்த ஆண்மான் ஒன்றைத் தொலைவில் பார்த்தோம். அதற்கே நண்பர் நெகிழ்ந்துபோனார். எனக்கு மனத்தில் நின்றது வேறு. உடன் வந்த வேட்டைத் தடுப்புக் காவலர் ஓரிடத்தில் கையைக் காட்டி எங்களை நிறுத்தினார். “அந்தா, அந்தத் தூருக்கு அடியில குட்டி கெடக்கு, தெரியுதா சார்?” என்று மெல்லக் கேட்டார். பத்துப் பதினைந்து அடி இருக்கும். புல் தெரிந்தது. காய்ந்து வெளிறி ஒரு பக்கமாகச் சாய்ந்த பழைய புல். அதற்குமேல் ஒன்றும் தெரியவில்லை. “காது தெரியுதா?” என்றார். தெரியவில்லை. கிட்டே போக அவர் விடவில்லை. தாய் எங்கிருந்தோ பார்த்துக்கொண்டிருக்கும், நாம் நகர்ந்தால்தான் அது பால் கொடுக்க வரும் என்று சொல்லி எங்களைத் திருப்பி அழைத்துக்கொண்டு போனார். அந்த மான்குட்டியை நான் இன்றுவரை பார்க்கவில்லை. பார்க்க முடியாமற்போனதுதான் அதன் உயிர் என்பது வழியில் பேருந்தில் வரும்போது உறைத்தது.

பின்னர் தேடிப் படித்தேன். மான் இனங்களில் பலவும் இப்படித்தான். பிறந்த குட்டி முதல் சில நாள்களுக்குத் தாயோடு ஓடுவதில்லை. தாய் அதைப் புல்லில் கிடத்திவிட்டு விலகி மேயும். அவ்வப்போது வந்து பாலூட்டிவிட்டுப் போகும். குட்டிக்கு மணம் மிகக் குறைவு. நரியோ நாயோ அருகில் வந்தாலும் அது அசையாது. ஓட முடியாத உயிருக்கு அசையாதிருப்பதே ஓட்டம். இதில் வெளிமானுக்கு ஒரு விசித்திரமான தேவை இருக்கிறது. வளர்ந்த மானுக்குத் திறந்த வெளி வேண்டும். பகை வருவதைத் தொலைவிலேயே கண்டு ஓடுவது அதன் வழி. உயர்ந்த புல்லை அது நம்புவதில்லை. ஆனால் குட்டிக்கு உயர்ந்த புல் வேண்டும். ஆக, குட்டைப்புல்லும் நெட்டைப்புல்லும் வெற்றுத்தரையும் திட்டுத்திட்டாகக் கலந்த நிலம் அதற்குத் தேவை. நாம் ‘ஒன்றுமில்லாத பொட்டல்’ என்று கடந்துபோகும் நிலம் அப்படித்தான் இருக்கும்.

பழைய தமிழ் இதை அறிந்திருந்தது என்று நினைக்கிறேன். வெளிமானுக்குப் புல்வாய் என்று ஒரு பெயர் உண்டு. அதன் ஆண் இரலை என்றும் கலை என்றும் சொல்லப்படும். குட்டிக்கு மறி என்று பெயர். தொல்காப்பியத்தின் மரபியல் ஆட்டுக்கும் குதிரைக்கும் நவ்விக்கும் உழைக்கும் புல்வாய்க்கும் உரிய இளமைப் பெயர் மறி என்கிறது. அதே மரபியல் புல்லையும் மரத்தையும் வயிரம் வெளியே இருக்கிறதா உள்ளே இருக்கிறதா என்று பார்த்துப் பிரிக்கிறது. அந்தக் கணக்கில் எங்கள் ஊர்ப் பனையும் புல்தான். இவ்வளவு கூர்மையாகப் புல்லைப் பார்த்த மொழியில், பின்னால் வந்த வருவாய்த்துறை ஆவணங்களில் புல்வெளிக்கு எஞ்சிய சொல் ‘தரிசு’. தீர்வை விதிக்கப்பட்ட தரிசு, விதிக்கப்படாத தரிசு. வரி வருமா என்பதே கேள்வி. அங்கே என்ன கிடக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. தரிசு என்று எழுதியபின் அதில் எதையும் நடலாம். சீமைக்கருவேலம் அப்படித்தான் பரவியது. 1967இல் சரணாலயமான கோடிக்கரையில்கூட அது புல்வெளிக்குள் புகுந்து வெளிமான்களின் இடத்தைச் சுருக்கியது.

அப்பாவின் நிலத்திலும் அதுதான் நின்றது. அவர் இறந்து பன்னிரண்டு ஆண்டுகளாக யாரும் உழவில்லை.

*

2017இன் தொடக்கத்தில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சீமைக்கருவேலத்தை அகற்றச் சொல்லி உத்தரவிட்டதால் எங்கள் மாவட்டமெங்கும் பொக்லைன் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அதில் ஒன்றை வாடகைக்குப் பிடித்து நிலத்தைத் துப்புரவாக்கினேன். விறகு விற்ற காசு இயந்திரக் கூலிக்குப் போதவில்லை. ஊரில் எல்லோரும் வீட்டுமனை போடப்போகிறேன் என்று நினைத்தார்கள். புல் விதைக்கப்போகிறேன் என்றபோது, மாடு வாங்கப்போகிறேன் என்று நினைத்தார்கள். மாடும் இல்லை என்றதும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

நான் தேர்ந்தெடுத்தது கொழுக்கட்டைப்புல். குறைந்த மழையிலும் நிற்கும். பல்லாண்டுப் புல், தூர் கட்டி வளரும், மூன்றடி, சில இடங்களில் அதற்குமேலும் உயரும். தூருக்கும் தூருக்கும் நடுவே வெறுந்தரை இருக்கும். மறைப்புக்குப் புல் வளர்ப்பவன் கவனிக்க வேண்டியது இந்த இடைவெளியைத்தான். விரிப்புப்போல நெருங்கிப் படரும் புல் மேய்ச்சலுக்கு நல்லது. அதனுள் ஒரு கௌதாரிக் குஞ்சு நடந்துபோக முடியாது. தூர்ப்புல்லில் மேலே கூரையும் கீழே தெருவும் இருக்கின்றன.

தீவனப் பண்ணை ஒன்றில் விதை வாங்கினேன். கொழுக்கட்டைப்புல் விதை விதைபோலவே இருக்காது, பஞ்சுப்பிசிறுபோல இருக்கும். கையில் அள்ளி வீசினால் காற்றோடு பக்கத்துப் புஞ்சைக்குப் போய்விடும். ஈர மணலில் கலந்து தூவ வேண்டும், ஆழமாக மூடக்கூடாது. இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கேட்காமல் விட்டது ஒன்று. அறுவடையான புதிய விதை சில மாதங்களுக்கு உறங்கும். பழைய விதையைத்தான் விதைக்க வேண்டும். எனக்குக் கிடைத்தது புது விதை. 2017 புரட்டாசியில் தூவியதில் முளைத்தவற்றை விரல்விட்டு எண்ணலாம். முளைத்ததைவிட எறும்பு தூக்கிப்போனது அதிகம். நிலம் முழுக்கச் சீமைக்கருவேலங்கன்றுகள்தான் எழுந்தன. அந்தத் தை மாதத்தில் நானும் கூலிக்கு வந்த இருவரும் அவற்றைப் பிடுங்கிக் கையெல்லாம் முள்.

அடுத்த ஆண்டு மிச்ச விதையையே மறுபடி தூவினேன். இம்முறை மழைக்குப்பின் முளைத்தது. சோம்பலாக, திட்டுத்திட்டாக. ஊசிப்புல்லும் அருகும் தாமாகவே வந்து இடையில் நின்றன. அவற்றை யாரும் விதைக்கவில்லை. மண்ணுக்குள் எங்கே காத்திருந்தனவோ.

அம்மா அதுவரை நிலத்தின் பக்கமே வரவில்லை. தொலைபேசியில் பேசும்போதெல்லாம் ஒரே கேள்வி.

“எய்யா, மாசியில அது காயும்ல?”

“காயும்மா.”

“காஞ்சதும் அறுத்துருவேல்ல?”

“அறுக்க மாட்டேன்மா. காய்ஞ்ச புல்லுதான் வேணும்.”

மறுமுனையில் நெடுநேரம் ஒன்றும் கேட்காது. பிறகு, “நான் இருக்கிற வரைக்குமாவது அந்தக் கூத்தை நிறுத்து” என்பாள்.

அவளுக்கு நான் விளக்க முயன்றது இதுதான். பச்சைப்புல் தீனி, காய்ந்த புல் வீடு. மழைக்காலத்தில் எங்கும் மறைவு இருக்கும். அப்போது யாரும் யாருக்கும் இடம் தர வேண்டியதில்லை. மாசியிலிருந்து ஆடி வரை, எல்லாம் மொட்டையாகிவிட்ட நாள்களில் நிற்கிற சருகுதான் கணக்கு. அதை அறுத்துவிட்டால் புல் வளர்த்ததற்கே பொருளில்லை. அவளுக்கோ அறுக்கப்படாத சருகு என்பது வெடிக்காத வெடி.

*

பள்ளித்தோழன் ஒருவன் அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் இருக்கிறான். அவனிடம் இதைச் சொன்னபோது, அங்கே இது பெரிய காரியமாக நடக்கிறது என்றான். ஒருகாலத்தில் ஆளுயரப் புல்வெளியாக இருந்த மாநிலம் அது. ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட உழவு விட்டுவைக்கவில்லை. 1985இல் வந்த வேளாண் சட்டம் ஒன்றின்படி, நிலத்தை உழாமல் பத்துப் பதினைந்து ஆண்டுகள் புல்லுக்கு விட்டுவைக்கும் விவசாயிக்கு அரசு வாடகை தருகிறது. மண் அரிப்பைத் தடுக்க வந்த திட்டம். பறவைக்கும் மானுக்கும் பயன்பட்டது. சுவிட்ச்புல் என்று ஒன்று. பனியின் பாரத்திலும் ஒடியாமல் நிற்கும். அதற்குள் வெண்வால் மான்கள் படுத்துக்கிடக்கும். அதை ஆர்வமாக நடுபவர்களில் பாதிப்பேர் வேட்டைக்காரர்கள் என்று சொல்லிச் சிரித்தான். படுக்கை போட்டுக்கொடுத்துவிட்டு விடியற்காலையில் துப்பாக்கியோடு காத்திருப்பார்களாம். எனக்கு ஏனோ கோபம் வரவில்லை. கொல்ல நினைக்கிறவனுக்குத்தான் அந்த உயிர் எங்கே உறங்குகிறது என்று தெரிகிறது. காப்பாற்ற நினைக்கும் நாம் அதற்கு என்ன பிடிக்கும் என்பதையே யோசித்துக்கொண்டிருக்கிறோம்.

அதே தேடலில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. அரிசோனாப் பாலைவனத்தில் இதே கொழுக்கட்டைப்புல் ஒரு பேராபத்து. ஆப்பிரிக்காவிலும் இங்கேயும் இயல்பாக வளரும் புல்லை அங்கே மேய்ச்சலுக்கென்று கொண்டுபோனார்கள். அது கள்ளிகளுக்கிடையே பரவி, தீயையே அறியாத அந்த நிலத்துக்குத் தீயைக் கொண்டுவந்தது. நூறாண்டு வயதுள்ள பெருங்கள்ளிகள் வெந்து சாகின்றன. தொண்டர்கள் கூட்டங்கூட்டமாகப் போய் அந்தப் புல்லை வேரோடு பிடுங்குகிறார்கள். அம்மா அரிசோனாவைக் கேள்விப்பட்டவள் அல்ல. ஆனால் அவள் சொன்னது சரி. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

என் நிலத்திலிருந்து மிக அருகிலுள்ள ஆலைக்கு அரைக் கிலோமீட்டருக்கும் மேல் இருக்கிறது. இடையில் ஒரு வண்டிப்பாதையும் ஓர் ஓடையும் உண்டு. இருந்தாலும் வேலிக்கு வெளியே பற்றிய அந்தத் தீயின் மணம் எனக்கும் நினைவிருக்கிறது.

2018 அக்டோபரில் பேரியம் உப்புகளைத் தடைசெய்து உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீபாவளி முடிந்தபின் எங்கள் பக்கத்து ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தன. ஊரே கடன்பட்டது. ஆட்கள் திருப்பூருக்குப் போனார்கள். அந்தக் கார்த்திகையில் அறைகளுக்கிடையே புல் இடுப்பளவு நின்றது, செதுக்க ஆளில்லை. மயில்கள் உள்ளே போய்வந்தன. அதைப் பார்த்து நான் மகிழ்ந்தேன் என்று எழுதினால் அது அயோக்கியத்தனம். அம்மா வேலியோரம் நின்று பார்த்துவிட்டு, “இதச் செதுக்க நாலு பொம்பளைக்கிக் கூலி கெடைக்கலயே இந்த வருசம்” என்று மட்டும் சொன்னாள்.

*

2019 மாசி. முன்னறிவிப்பு இல்லாமல் அம்மா நிலத்துக்கு வந்தாள், தோளில் மம்பட்டியோடு. அறுபத்தெட்டு வயது அப்போது. புல்லைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். காற்று எந்தப்பக்கம் அடிக்கிறது என்று முந்தானையைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு வண்டிப்பாதையின் பக்கமிருந்து செதுக்கத் தொடங்கினாள். நான் பதறிப்போய், “அம்மா, வேண்டாம்” என்று ஓடினேன்.

“ஒம் புல்ல நான் தொடலடா. ஓரத்த மட்டும் எடுக்கேன். பன்னெண்டு அடிக்கு மண்ணு தெரியணும், சுத்தி. நடுவுல குறுக்க ஒண்ணு. ஒரு பக்கம் எரிஞ்சாலும் மறுபக்கம் நிக்கும். ஆபீஸ்ல ரூம விட்டு ரூம் ஏன் தள்ளிக் கட்டுறாங்கன்னு நெனச்ச?”

காட்டிலாகாவினர் தீத்தடுப்புக் கோடு என்று சொல்வது இதைத்தான். நான் புத்தகங்களில் படித்திருந்தேன், படமும் பார்த்திருந்தேன். நான்கு நாள்கள் இருவரும் செதுக்கினோம். என் கோடு வளைந்து வளைந்து போயிற்று. அவளுடையது நூல்பிடித்தாற்போல் இருந்தது. செதுக்கிய புல்லைக் குவித்துவைக்காமல் அன்றன்றே வண்டியில் ஏற்றி மாடுள்ள வீடுகளுக்கு அனுப்பிவிட்டாள். அதனால் ஊரில் என்மேல் இருந்த சந்தேகம் சற்றுக் குறைந்தது. அவளுடைய கைக்கு இப்படி ஒரு கலை இருக்கிறது என்று எனக்கு நாற்பத்தாறு வயதில்தான் தெரிந்தது. விடுதியில் நான் திருத்தாமல் விட்ட அந்த மேசையும் மின்விசிறியும் நினைவுக்கு வந்தன. அவளிடம் சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.

அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் தை கடைசியில் அந்த வேலை நடக்கிறது. நடுக்கோட்டால் பிரிந்த இரண்டு பாதிகளில் ஆண்டுக்கு ஒன்றை மட்டும் ஆடியில் மேய்ச்சலுக்குத் திறந்துவிடுகிறோம். மற்றது அடுத்த மழைவரை அப்படியே நிற்கும். கிடை போட இடம் தேடிவந்த கீதாரி ஒருவர்தான் இந்த முறையைச் சொன்னார். எந்தப் பாதியையும் மேயவிடாமலே வைத்தால் தூர் உள்ளுக்குள் செத்துவிடும் என்றார். ஆடு படுத்துக்கிடக்கும் இடத்துக்குக் கிடை என்று பெயர் வைத்த ஊர் இது. அவரிடம் இன்னும் கொஞ்சம் முன்னாலேயே கேட்டிருக்கலாம்.

மான் வந்ததா என்று கேட்பீர்கள். வரவில்லை, வரவும் வராது. மேற்கே திருவில்லிபுத்தூர் மலையடிவாரத்தில் புள்ளிமானும் மிளாவும் உண்டு. அங்கிருந்து இங்கே வருவதற்குள் எத்தனையோ சாலைகள், வேலிகள், நாய்கள். இரண்டு ஏக்கர் என்பது ஒரு மானுக்கு விரல்நகம். வல்லநாட்டில் கண்டதை இங்கே நட்டுவிடலாம் என்று நான் நினைத்தது பிழைதான். கௌதாரி இருக்கிறது. காடை முட்டையிட்டுப் பொரித்திருக்கிறது. பூனைப்பருந்து ஒன்று இரண்டு பனிக்காலங்களில் புல்லுக்கு மேல் தாழப் பறந்து தேடியது, மூன்றாவதில் வரவில்லை.

சென்ற தை மாதம் அம்மாவால் குனிந்து செதுக்க முடியவில்லை. வரப்பில் முக்காலி போட்டு உட்கார்ந்து வேலையாட்களை அதட்டிக்கொண்டிருந்தாள். நடுவில் எழுந்து, செதுக்க வேண்டிய ஓரத்தை நோக்கி மெல்ல நடந்தவள், சட்டென்று நின்று கையைப் பின்னால் நீட்டி என்னைத் தடுத்தாள். அந்தக் காவலர் நிறுத்தியதுபோலவே இருந்தது. எட்டிப் பார்த்தேன். ஒரு தூரின் அடியில், சருகு அழுந்திய சிறு பள்ளத்தில், முயல் ஒன்று காதைப் பின்னுக்கு மடித்துக்கொண்டு கிடந்தது. அதன் கண் திறந்தே இருந்தது. மூச்சு மட்டும் ஏறி இறங்கியது.

அம்மா மெதுவாகப் பின்வாங்கினாள். மம்பட்டியோடு அந்தப் பக்கமாக வந்துகொண்டிருந்த பெண்ணைப் பார்த்து, “ஏ புள்ள, இந்த மூலைய விட்டுட்டு அங்கிட்டுப் போ. இத நாளைக்கிப் பாத்துக்கிடலாம்” என்றாள். பிறகு முக்காலியில் போய் உட்கார்ந்து, காற்று எந்தப்பக்கம் அடிக்கிறது என்று முந்தானையைத் தூக்கிப் பார்த்தாள்.